சேமிப்பும் காப்பும்: வலையமைப்புச் சேமிப்பகக் கலைச்சொற்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

கலைச்சொற்களின் வரலாறு பெரும்பாலும் அவை குறிக்கும் பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொருள் தோன்றியது, அதற்குப் பெயர் இடப்பட்டது என்ற அளவில் ஆய்வு நின்றுவிடுகின்றது. ஆயின், ஒரு துறையில் முன்னர் ஒரு சொல்லே போதுமானதாயிருந்த இடத்திற் பின்னர் இரண்டு, மூன்று சொற்கள் வேண்டப்பட்டமைக்குக் காரணம் யாது என வினவுமிடத்து, அச்சொற்கள் வேறொரு வரலாற்றைக் கூறக் காணலாம். கணினித் தரவுகளைச் சேமித்தல், காத்தல் ஆகியன தொடர்பாக வழங்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். இவற்றுட் பல, ஏதேனும் ஒருவகை இழப்பினைத் தடுத்தற்பொருட்டு எழுந்தவை. ஒரு சொல் குறிக்கும் ஏற்பாடு தடுக்கும் இழப்பை அயற்சொல் குறிக்கும் ஏற்பாடு தடுப்பதில்லை. இவ்வேறுபாடு மறக்கப்பட்டபோது நேர்ந்த இழப்புகள் சில மீட்க முடியாதனவாய் முடிந்தன.

தமிழிற் கலைச்சொல்லாக்கம் எமக்குப் புதியதன்று. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் அதற்கு வழிகோலினார். சுயமொழிக் கல்வி பரவிய காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்துவதோடு பணி முடிவதில்லை என்பதும், அச்சொல் அயற்சொல்லினின்று வேறுபடும் எல்லையை வரையறுத்தலும் வேண்டும் என்பதும் இம்முயற்சிகளை நோக்குவார்க்குப் புலப்படும். சேமிப்பகம், மிகைமை, கணநிலைப் படிமம், இணைப்பிரதி, காப்புப் பிரதி, சுவடிக்காப்பு என்னும் சொற்களை அந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

2. களஞ்சியமும் நாடாவும்

பிரித்தானியக் கணிதவியலாளர் சாள்ஸ் பபேஜ் 1830களில் வகுத்த பகுப்பு இயந்திரத்தின் திட்டத்திலேயே சேமிப்பு என்னும் கருத்துத் தனியிடம் பெற்றுள்ளது. எண்கள் தங்கியிருக்கும் பகுதியைக் களஞ்சியம் எனவும், கணிப்பு நிகழும் பகுதியை ஆலை எனவும் பொருள்படும் சொற்களால் அவர் குறித்தார். 1945இல் யோன் வொன் நொய்மன் எட்வக் கணினி பற்றி எழுதிய அறிக்கையில் உயிரியலை ஒட்டிய நினைவு என்னும் உருவகம் இடம்பெற்றது. இவ்விரு உருவகங்களும் பின்னர் பொருளாற் பிரிந்தன. மின்வலு அற்றதும் அழிவது நினைவகம் எனவும், அற்றபின்னும் நிலைப்பது சேமிப்பகம் எனவும் இன்று பொதுவாக வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் தேக்ககம் என்னும் சொல்லும் பின்னதற்கு ஆளப்படுகின்றது.

1951இல் வெளிவந்த யுனிவக் கணினி காந்த நாடாவைச் சேமிப்பு ஊடகமாகக் கொண்டது. நாடாவில் எழுதப்பட்ட ஒரு பதிவை அதன் இடத்திலேயே திருத்துதல் எளிதன்று. ஆதலின், பழைய தலைமை நாடாவையும் அன்றைய கொடுக்கல் வாங்கல்கள் பதிந்த நாடாவையும் ஒருங்கு வாசித்துப் புதிய தலைமை நாடா ஒன்றை எழுதும் முறை வழக்கிற்கு வந்தது. புதிய நாடா எழுதப்பட்ட பின்னும் பழைய நாடா அழியாமல் அலுமாரியில் இருந்தது. மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருக்கும் வழக்கம் பாட்டன், தந்தை, மகன் என்னும் உறவுப் பெயர்களாற் குறிக்கப்பட்டது. மகன் பழுதுற்றால் தந்தையைக் கொண்டு அவனை மீண்டும் ஆக்கலாம். தந்தையும் பழுதுற்றாற் பாட்டன் உண்டு.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. நாடாக் காலத்திற் சேமித்தலும் காத்தலும் ஒரே செயலின் இரு விளைவுகளாயிருந்தன. காப்பு, வேலை நடக்கும் முறையினின்று தானே விளைந்தது. அதனைத் தனியே திட்டமிட வேண்டிய தேவை அருகியே இருந்தது.

இந்நிலையை மாற்றியது வட்டு ஆகும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்ணியாவின் சான் ஒசே நகர ஆய்வுகூடத்தில் உருவான றமாக் கணினியை அறிமுகஞ் செய்தது. அதன் வட்டுச் சேமிப்பகம் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகளைக் கொண்டது. ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துருக்களைத் தாங்கியது. எந்தப் பதிவையும் நேரே அணுகி அதன் இடத்திலேயே திருத்தலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. அச்சிறப்பே அதன் குறையுமாயிற்று. புதியது எழுதப்படும் கணத்திற் பழையது அழிகின்றது. தந்தையும் பாட்டனும் இல்லாத மகனே எஞ்சுகின்றான். முன்னர் இயல்பாகக் கிடைத்த காப்பினை இப்பொழுது வேண்டுமென்றே செய்தல் வேண்டும். காப்புப் பிரதி எடுத்தல் என்பது தனிக்கடமையாகவும் அதற்குரிய சொல் தனிச்சொல்லாகவும் நிலைபெற்றமைக்கு இம்மாற்றமே அடிப்படை எனலாம்.

3. மிகைமை

வட்டு ஒரு பொறியாதலின் அது பழுதுறும். 1980களில் நுண்கணினிகளுக்கான சிறிய, மலிவான வட்டுகள் பெருகியபோது, ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாகப் பல சிறிய வட்டுகளை இணைத்துப் பயன்படுத்தலாகாதா என்னும் வினா எழுந்தது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகியோர் 1988இல் சிக்காகோவில் நிகழ்ந்த தரவுத்தள மாநாட்டில் இது பற்றிய கட்டுரையை அளித்தனர். அக்கட்டுரையின் கணக்கு எளியது. ஒரு சிறிய வட்டு பழுதுறுவதற்குச் சராசரியாக 30,000 மணித்தியாலங்கள் செல்லுமாயின், அத்தகைய 100 வட்டுகளைக் கொண்ட தொகுதியில் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணித்தியாலங்களில், அதாவது இரு வாரங்களுக்குள், பழுதுறும். எனவே மிகைமை இன்றி இத்தொகுதி பயன்படாது.

மிகைமை என்பது தேவைக்கு மேற்பட்ட ஒரு கூறினைச் சேர்த்து வைத்தலாகும். அதன் மிக எளிய வடிவம், ஒரே தரவை இரு வட்டுகளில் ஒரே வேளையில் எழுதும் கண்ணாடிப் பிரதி முறை. இதனினும் சிக்கனமானது சரிபார்ப்புக் கூறு முறை. மூன்று வட்டுகளில் 5, 7, 2 என்னும் எண்கள் இருப்பின், நான்காவது வட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 14 எழுதப்படுகின்றது எனக் கொள்வோம். இரண்டாவது வட்டு அழிந்துபடின், 14இலிருந்து 5ஐயும் 2ஐயும் கழித்து 7 என அறியலாம். நடைமுறையில் இது இரும இலக்கங்களில் வேறொரு செய்கையால் நிகழினும் தத்துவம் இதுவே. இதன் வேர், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றிச்சட் ஹமிங் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிகள் பற்றிய ஆய்விலும் காணப்படுகின்றது.

இவ்வமைப்பிற்கு அவ்வாய்வாளர் இட்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து றெயிட் என்னும் சொல்லாயின. மலிவான வட்டுகளின் மிகைமைத் தொகுதி என்பது அதன் முதற்பொருள். விலையுயர்ந்த தொகுதிகளும் அப்பெயரால் விற்கப்படலாயின; பின்னர் மலிவான என்பதைக் குறித்த எழுத்துக்குச் சுயாதீனமான என்னும் பொருள் கூறப்பட்டது. பெயர் மாறாதிருக்கப் பொருள் மாறியமை சந்தையின் கைவண்ணம் எனலாம்.

பெயரினும் முதன்மையானது இவ்வேற்பாட்டின் எல்லை. மிகைமை, வட்டு பழுதுறும்போது வேலை தடையின்றி நடத்தற்கு உதவுகின்றது. ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பினை அழிப்பாராயின், கண்ணாடிப் பிரதியிலும் அது அக்கணமே அழிகின்றது. சரிபார்ப்புக் கூறும் அவ்வழிவுக்கேற்பத் திருத்தி எழுதப்படுகின்றது. பொறியின் பிழைக்கு மருந்தாவது மனிதனின் பிழைக்கு மருந்தாகாது.

4. வலையமைப்பு

இதே காலப்பகுதியில் சேமிப்பகம் கணினியை விட்டுப் பிரிந்து வலையமைப்பிற் சேர்ந்தது. சன் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு முறைமை, தொலைவிலுள்ள கணினியின் கோப்பினைத் தன் கோப்புப்போலவே கையாள வழி செய்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1980களின் முற்பகுதியில் தோன்றி, மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை அலுவலகக் கணினிகளிடையே அப்பணியைச் செய்தது.

இவ்வளர்ச்சியில் இரு சொற்கள் அடிக்கடி மயங்குகின்றன. வலையமைப்பிணைச் சேமிப்பகம் என்பது கோப்பின் பெயரைக் கூறிக் கேட்போருக்குக் கோப்பினைத் தருவது. ஒரு நூலகத்தில் நூலின் பெயரைக் கூறி அதனைப் பெறுவது போன்றது. இதனை நாஸ் என்பர். சேமிப்பக வலையமைப்பு என்பது கோப்பினை அறியாது. இன்ன இலக்கமுள்ள துண்டத்தைத் தருக என்னும் கட்டளைக்கே பணியும். அத்துண்டங்களைக் கோப்புகளாக ஒழுங்குபடுத்தல் கேட்கும் கணினியின் பொறுப்பு. நூலகரின்றி இறாக்கைகளை மட்டும் வாடகைக்கு எடுப்பதனோடு இதனை ஒப்பிடலாம். இதனைச் சான் என்பர். 1994இல் நியமமாக்கப்பட்ட பைபர் சனல் என்னும் இணைப்பு முறை இதற்கு வழிவகுத்தது. 1997இல் அமைந்த சேமிப்பக வலையமைப்புத் தொழிற்றுறைச் சங்கம் இத்துறைச் சொற்களுக்கு அகராதி ஒன்றையும் பேணலாயிற்று. 2006இல் அமசன் நிறுவனம் தொடக்கிய எஸ்3 சேவைக்குப் பின்னர், ஒவ்வொரு தரவுப் பொருளையும் ஓர் அடையாளப் பெயரால் இணையத்தின் வழியே பெறும் பொருட் சேமிப்பகம் என்னும் மூன்றாம் வகையும் பெருவழக்காயிற்று.

வலையமைப்பு, சிதறிக் கிடந்த தரவுகளை ஓரிடத்திற் குவித்தது. அவ்வோரிடத்தைப் பலரின் கைக்கும் எட்டச் செய்தது. நல்லவரின் கைக்கு எட்டுவது தீயவரின் கைக்கும் எட்டும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வனாக்கிறை என்னும் கப்பநிரல், கோப்புகளைப் பகிர்தற்கு ஏற்பட்ட எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய பதிப்பிலிருந்த குறைபாட்டையே வாயிலாகக் கொண்டது.

5. கணநிலைப் படிமமும் இணைப்பிரதியும்

இடத்திலேயே திருத்தும் வட்டு பழைய நிலையை அழிக்கின்றது என்னும் குறையை நீக்க எழுந்தது கணநிலைப் படிமம். 1992இல் தொடங்கிய நெற்அப் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஹிற்ஸ், ஜேம்ஸ் லோ, மைக்கல் மல்கம் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறை விளக்கப்பட்டது. அவர்தம் கோப்பு முறைமை, எழுதிய துண்டத்தின் மேல் எழுதுவதில்லை. திருத்தத்தை வெற்றிடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மட்டும் மாற்றுகின்றது. பழைய சுட்டிகளைப் பேணிவைப்பின் பழைய நிலை முழுவதும் கிட்டும். நாடாக் காலத்துத் தந்தையும் பாட்டனும் மீண்டனர் என்று கூறத் தோன்றும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மூவரும் இப்பொழுது ஒரே வீட்டில் வாழ்கின்றனர். வட்டுத் தொகுதி எரிந்துபோமாயின் படிமமும் உடன் எரியும்.

வேறிடத்தில் வேறு பொறியில் வைக்கப்பட்டு, மூலத்தோடு இடைவிடாது ஒத்திசைவது இணைப்பிரதி. தீயும் வெள்ளமும் இதற்கு அஞ்சத்தக்கனவல்ல. ஆனால் மூலத்தின் கேடு இதனையும் பற்றுகின்றது. 2011 பெப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றாற் கூகிள் நிறுவனத்தின் மின்னஞ்சற் பயனாளருள் 0.02 சதவீதத்தினரின் மடல்கள் மறைந்தன. பல இணைப்பிரதிகளையும் அப்பிழை பற்றியிருந்தது. கணினியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்த நாடாக்களே அம்மடல்களை மீட்டுத் தந்தன.

இதனினும் கடுமையான சான்று 2017 யூன் மாதத்தில் டென்மார்க்கின் மேஸ்க் கப்பல் நிறுவனத்தில் நிகழ்ந்தது. நொற்பெற்யா என்னும் அழிநிரல் அந்நிறுவனத்தின் வலையமைப்பைத் தாக்கியது. பயனாளர் அடையாளங்களைப் பேணும் வழங்கிகள் ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றையது உதவும் என்னும் எண்ணத்தில் அவை ஒன்றோடொன்று ஒத்திசைந்து வந்தன. அவை ஒருங்கே அழியக்கூடும் என்பது எதிர்பார்க்கப்படவில்லை. எஞ்சியது கானா நாட்டு அலுவலகத்திலிருந்த ஒன்று மட்டுமே. தாக்குதலுக்கு முன்னர் அங்கு ஏற்பட்ட மின்தடை அதனை வலையமைப்பினின்று துண்டித்திருந்தமையே காரணம். அறிந்து செய்த 149 ஏற்பாடுகள் தவற, தற்செயலான மின்தடை ஒன்று காப்பாயிற்று.

6. காப்புப் பிரதி

மேற்கூறியவற்றிலிருந்து காப்புப் பிரதியின் இலக்கணம் தெளிவாகின்றது. மூலத்தைப் பின்தொடராத பிரதியே காப்புப் பிரதியாகும். மூலத்தில் நிகழும் திருத்தமும் அழிவும் அதனைச் சென்று சேரலாகாது. எம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய முறையை நோக்குக. பெயர்த்தெழுதப்பட்ட சுவடி மூலச்சுவடியினின்று விடுபட்டு வேறோர் ஊரில் வாழ்ந்தது. மூலத்தைச் செல் அரித்தபோது இது அரிக்கப்படவில்லை. சுவடிக்காப்பு என்பது இதனினின்றும் வேறு. மீட்டற்பொருட்டு வைக்கப்படுவது காப்புப் பிரதி. அன்றாடப் பயன்பாட்டினின்று நீங்கிய ஆவணத்தை நெடுங்காலம் பேணுதற்பொருட்டு வைப்பது சுவடிக்காப்பு. அது தானே மூலமாதலின் அதற்கும் காப்புப் பிரதி வேண்டும்.

மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் சூத்திரத்தை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குறோக் தம் நூலின் வாயிலாகப் பரப்பினார். எளிய இச்சூத்திரத்தோடு மீட்டுப் பார்த்தல் என்பதையும் சேர்த்தல் வேண்டும். 2017 சனவரி 31ஆம் நாள் கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தின் முதன்மைப் பிரதியை அழித்தார். காப்புக்கும் பிரதியாக்கத்துக்குமென இருந்த ஐந்து முறைகளுள் ஒன்றேனும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என அந்நிறுவனமே அறிவித்தது. வேறொரு தேவைக்காக ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் முன்னர் எடுக்கப்பட்ட படிமம் ஒன்றே கைகொடுத்தது. மீட்டுப் பார்க்கப்படாத காப்பு, காப்பு என்னும் நம்பிக்கையை மட்டுமே தரும்.

காப்பின் தரத்தை அளக்க இரு சொற்கள் உள. எத்துணை விரைவில் வேலை மீளத் தொடங்கும் என்பது மீட்புக் காலம். எக்கணம் வரையுள்ள தரவு மீளக் கிடைக்கும் என்பது மீட்புப் புள்ளி. இவ்விரண்டின் வேறுபாட்டை எம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவுறக் காட்டுகின்றது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைத் தொகுதி கப்பநிரலாற் தாக்கப்பட்டது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். தொகுதி 12 மணித்தியாலங்களுள் மீள இயங்கியது. ஆயின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாமையால் அக்கால மடல்கள் இழக்கப்பட்டன. மீட்புக் காலம் அரை நாள். மீட்புப் புள்ளியோ நூறு நாள்களுக்கு அப்பால். வழங்கி இயங்குகின்றது என்பதனால் அரசின் மூன்று மாதக் கடிதத் தொடர்பு திரும்பி வருவதில்லை.

தென்கொரியாவின் தேயொன் நகரில் தேசிய தகவல் வள நிலையத்தில் 2025 செப்ரெம்பர் 26ஆம் நாள் மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசாங்க ஊழியர் தம் அலுவற் கோப்புகளைத் தனிக்கணினியில் வையாது ஜீ டிறைவ் என்னும் பொதுச் சேமிப்பகத்தில் வைக்குமாறு பணிக்கப்பட்டிருந்தனர். அதிலிருந்த 858 டெராபைற்று அளவான தரவுகள் எரிந்தன. கொள்ளளவு பெரிதாகையால் வெளிக் காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை என அதிகாரிகள் விளக்கினர். சேமிப்பகம் என்னும் சொல்லே காப்பையும் உள்ளடக்கியது எனக் கொண்டதன் விளைவு இது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடங்களிற் படி இருந்த அச்சு நூல்களை ஈடுசெய்ய இயன்றது. வேறு படியற்ற ஏட்டுச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளவில்லை. தீ ஒன்றே, இழப்பு இருவகைப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் போன்ற முயற்சிகள் எஞ்சியவற்றை எண்ணிமப் படிகளாக்கி வருகின்றன. அப்படிகளையும் ஓரிடத்தில் மட்டும் வைப்பின் ஏட்டின் கதியே அவற்றுக்கும் நேரும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மிகைமை பொறியின் பழுதினையும், கணநிலைப் படிமம் கைத்தவறினையும், இணைப்பிரதி இடத்தின் அழிவினையும் எதிர்கொள்ளப் பிறந்த சொற்கள் என்பது பெறப்படும். பகைவனின் தாக்குதலையும் தானே பரவும் பிழையையும் எதிர்நிற்பது மூலத்தினின்று பிரிந்து நிற்கும் காப்புப் பிரதி ஒன்றே. இவை யாவற்றையும் பிரதி என்னும் ஒரு சொல்லால் வழங்குவோமாயின், ஒன்றைச் செய்துவிட்டு மற்றையதையும் செய்துவிட்டதாக எண்ண நேரும்.

எனவே தமிழில் இத்துறைச் சொற்களை நிலைப்படுத்துவோர் ஒலியின்பத்தினும் இவ்வேறுபாட்டையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு. எமது திணைக்களங்களும் பல்கலைக்கழகங்களும் கோவில்களும் சங்கங்களும் தத்தம் ஏடுகளை வழங்கிகளில் வைக்கத் தலைப்பட்டுள்ளன. அவற்றைப் பொறுப்பேற்போரிடம் காப்பு உண்டா எனக் கேட்டல் போதாது. அது மூலத்தினின்று பிரிந்துளதா, எந்நாள் வரையுள்ளது, இறுதியாக என்று மீட்டுப் பார்க்கப்பட்டது என வினவுதல் வேண்டும். அவ்வினாக்களைத் தமிழில் ஐயமறக் கேட்க உதவுமாயின் இச்சொற்கள் தம் பயனை அடைந்தனவாம்.